ஹேரா: கணவனோடு ஓயாமல் சண்டை போடுபவள் எப்படிக் கல்யாணத் தெய்வமானாள்?

வெண்கலமணி:

கிரேக்கத் தெய்வங்களைப் பற்றிய எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் "ஹேரா, கல்யாணத் தெய்வம்" என்று ஒரு வரி இருக்கிறது. அடுத்த வரியிலேயே சண்டை ஆரம்பித்துவிடுகிறது. கணவன் ஜீயஸ் விரும்பிய ஐயோ என்ற பெண்ணைத் துரத்தினாள், அவனால் கருவுற்ற லீட்டோவுக்குப் பிரசவிக்க இடம் கிடைக்காமல் பண்ணினாள், அவனுக்கு வேறொருத்தியிடம் பிறந்த குழந்தை ஹெராக்ளீஸின் தொட்டிலுக்குப் பாம்பு அனுப்பினாள். ஜீயஸ் வீடு தங்காதவன், இவள் பொறாமைக்காரி, அவ்வளவுதான். இப்படி ஒரு குடித்தனம் நடத்துபவளிடம் போய் "எங்கள் கல்யாணம் நல்லபடியாக அமையட்டும்" என்று யாராவது வேண்டுவார்களா? கதைகள் எனக்குத் தெரியும். கோயிலிலும் வீட்டிலும் ஜனங்கள் அவளுக்கு என்ன செய்தார்கள் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மாதுளைமுத்து:

அந்தச் சண்டையை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் ஹேரா பிடிபட மாட்டாள். அவளுடைய பழைய தலங்களில் ஊடலும் சமாதானமும் சடங்குக்குள்ளேயே இருந்தன. இதற்கெல்லாம் நமக்குப் பெரிய சாட்சி, கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் கிரீஸ் முழுக்கச் சுற்றி ஊர் ஊராக எழுதிவைத்த பௌசானியஸ்.

ஆர்க்கேடியாவில் ஸ்டிம்ஃபாலோஸ் என்று ஓர் ஊர். ஹேராவை வளர்த்தவன் தெமெனோஸ் என்றும், அவளுக்கு அவன் மூன்று கோயில் கட்டினான் என்றும் ஊர்க்காரர்கள் சொன்னார்கள். ஒன்று கன்னி ஹேராவுக்கு, ஒன்று மணமாகி நிறைவடைந்த ஹேராவுக்கு, மூன்றாவது விதவை ஹேராவுக்கு. ஜீயஸ் சாகாதவன், அவன் மனைவி எப்படி விதவையானாள்? அவனோடு பிணங்கிக்கொண்டு ஸ்டிம்ஃபாலோஸுக்கே திரும்பி வந்த காலத்தில் அவளுக்கு அந்தப் பெயர். கணவனை விட்டு வளர்ந்த ஊருக்கு வந்திருப்பவளுக்கும் தனிக் கோயில், தனிப் பெயர்! பௌசானியஸ் போனபோது அந்த மூன்றில் ஒன்றுகூட மிஞ்சவில்லை, கதைதான் இருந்தது.

நாப்லியா அருகே கனாத்தோஸ் என்ற ஊற்று. ஆண்டுக்கொரு முறை ஹேரா அதில் நீராடி மறுபடி கன்னியாகிறாள் என்பது ஆர்கோஸ்காரர்கள் சொல்வது. அவளுக்கென்று நடந்த ஒரு ரகசியச் சடங்கோடு சேர்ந்த கதை இது.

எல்லாவற்றையும் விடப் பெரியது போயோஷியாவில் பிளாட்டியா ஊரின் தைதாலா விழா. ஹேரா கோபித்துக்கொண்டு யூபியா தீவுக்குப் போய்விடுகிறாள். ஜீயஸால் சமாதானப்படுத்த முடியவில்லை. கித்தைரோன் என்ற உள்ளூர் அரசன் ஒரு யோசனை சொல்கிறான். மரத்தில் ஒரு பொம்மை செதுக்கித் துணி சுற்றி மாட்டுவண்டியில் ஏற்று, ஆற்றுத் தெய்வம் அசோப்போஸின் மகள் பிளாட்டியாவைக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று ஊரெல்லாம் சொல். அப்படியே செய்கிறான். செய்தி கேட்டு ஓடி வந்த ஹேரா வண்டியில் இருந்த 'பெண்ணின்' துணியைப் பிடித்து இழுக்கிறாள், உள்ளே கட்டை. அவளுக்கு மகிழ்ச்சி, சமாதானம்.

சடங்கு இதை அப்படியே நடித்துக் காட்டுகிறது. போயோஷியாவிலேயே பருத்த கருவாலி மரங்கள் இருந்த அலல்கொமெனாய் காட்டுக்குப் போய், வேகவைத்த இறைச்சித் துண்டுகளை வெளியே வைப்பார்கள். மற்றப் பறவைகளால் தொந்தரவில்லை. அண்டங்காக்கைகளைத்தான் கண்கொட்டாமல் கவனிக்க வேண்டும். இறைச்சியைக் கவ்விய காக்கை எந்த மரத்தில் போய் உட்காருகிறதோ அதை வெட்டிப் பொம்மை செதுக்குவார்கள். இது சின்ன தைதாலா. இப்படிச் சேர்ந்த 14 பொம்மைகளும் 60 ஆண்டுக்கொருமுறை வரும் பெரிய தைதாலாவில் வெளியே வரும். பிளாட்டியா, கொரோனியா, தெஸ்பியாய், தனக்ரா, தீப்ஸ் போன்ற ஊர்கள் சீட்டுப் போட்டு ஆளுக்கொன்று எடுத்துக்கொள்ளும். சிற்றூர்கள் கூட்டுச் சேர்ந்துகொள்ளும். அசோப்போஸ் ஆற்றங்கரையில் பொம்மையை அலங்கரித்து, மணத்தோழியாக ஒரு பெண்ணையும் வண்டியில் நிறுத்தி, கித்தைரோன் மலை உச்சிக்கு ஊர்வலம். மேலே சதுரக் கட்டைகளைக் கல் கட்டடம் மாதிரி இணைத்துக் கட்டிய பலிமேடை, அதன் மேல் சுள்ளி. ஒவ்வொரு ஊரும் ஹேராவுக்குப் பசு, ஜீயஸுக்குக் காளை. மதுவும் சாம்பிராணியும் நிரப்பிய அந்தப் பலிகள், பொம்மைகள், பலிமேடை எல்லாமே ஒரே தீயில் போய்விடும். அந்தச் சுவாலை வெகுதூரத்துக்குத் தெரியும் என்கிறார் பௌசானியஸ்.

பிளாட்டியா கோயிலில் இரண்டு ஹேரா இருந்தாள். நிறைவடைந்தவள் என்ற பெயரில் நிற்கும் பெரிய சிலை பிராக்சிடெலீஸ் செய்தது. மணப்பெண் என்ற பெயரில் உட்கார்ந்திருப்பது காலிமாக்கோஸ் செய்தது. உங்கள் கேள்விக்கு அந்தக் கோயிலே பதில். பிரிந்து போனவளைத் திரும்ப மணப்பெண்ணாக அழைத்து வரும் விழா அது.

கடலோடி:

விழா சரி. ஆனால் கல்யாணத்துக்கு ஹேரா மட்டும்தானா? ஆர்ட்டெமிஸுக்குத் தலைமுடி கொடுத்தார்கள், அஃப்ரோடைட்டுக்குப் பலி கொடுத்தார்கள், கல்யாணப் பாட்டு முழுக்க அந்தப் பாட்டுக்குரிய தெய்வம் ஹிமெனாயோஸ் பெயர்தான் வருகிறது. இதில் ஹேராவின் பங்கு எது?

ஏட்டுச்சுவடி:

மணமக்களுக்கு ஐந்து தெய்வங்கள் வேண்டும் என்று ரோமர் காலத்துக் கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் எண்ணிச் சொல்கிறார்: நிறைவின் ஜீயஸ், நிறைவின் ஹேரா, அஃப்ரோடைட், இணங்கவைக்கும் பெய்த்தோ, ஆர்ட்டெமிஸ். இதில் கன்னிப் பெண்களின் தெய்வமான ஆர்ட்டெமிஸிடம் பெண் விடைபெறுகிறாள். பந்து, பொம்மை, கச்சை, தலைமுடி எல்லாம் அவளுக்குப் போகின்றன. ஆசை அஃப்ரோடைட்டின் பொறுப்பு. பிரசவம் ஹேராவின் மகள் ஐலித்தியாவின் பொறுப்பு. இவற்றுக்கு நடுவில் இருக்கும் அந்த உறவு, ஒருவருக்கு ஒருவர் கட்டுப்பட்டவர்கள் என்ற நிலை, அது ஹேராவுடையது. கி.மு. 411-இல் அரிஸ்டோஃபனீஸ் நாடகத்தில் பெண்கள் பாடும் பாட்டில் அவள் 'கல்யாணத்தின் சாவிகளைக் காப்பவள்'. கி.மு. 458-இல் ஈஸ்கிலஸ் மேடையில், தாயைக் கொன்றவனைத் துரத்தும் பழிதெய்வங்கள் 'கணவனைக் கொல்வது ரத்த உறவைக் கொன்றதாகாது' என்று வாதாடும்போது, அப்பல்லோ எடுத்துக் காட்டுவது ஜீயஸும் ஹேராவும் கொடுத்துக்கொண்ட உறுதிமொழியைத்தான்.

இனி ஏதென்ஸில் நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் நிச்சயம். பெண்ணின் அப்பாவும் மாப்பிள்ளையும் சாட்சிகள் முன்னால் பேசி முடிப்பது. "முறையான பிள்ளைகள் பெற இவளைத் தருகிறேன்" என்பார் இவர், "ஏற்கிறேன்" என்பார் அவர், உடனே சீர்ப்பணம் எவ்வளவு என்று சொல்லிவிட வேண்டும். பெண் அந்த இடத்தில் இருக்க வேண்டும் என்றுகூட இல்லை.

கல்யாணத்துக்கு முன் பலிகள். ஹேரா, ஆர்ட்டெமிஸ், விதித்தெய்வங்கள் ஆகியோருக்கு. ஹேராவுக்கான பலியில் ஒரு தனி விதி உண்டு. பித்தப்பையை மற்ற உள்ளுறுப்புகளோடு சேர்த்து எரிக்கக் கூடாது, எடுத்துப் பலிமேடைக்குப் பக்கத்தில் வீசிவிட வேண்டும். குடித்தனத்தில் கசப்பும் கோபமும் தங்கக் கூடாது என்பதற்காக என்று புளூட்டார்க் விளக்குகிறார். வெண்கலமணி கேட்டதற்கு இதைவிட நேரான பதில் கிடையாது. சண்டைக்காரி என்று பேரெடுத்த தெய்வத்திடமே பித்தத்தை அகற்றச் சொல்லி வேண்டியிருக்கிறார்கள்.

பிறகு நீராட்டு. தண்ணீர் கல்லிர்ரோயே ஊற்றிலிருந்து வர வேண்டும். அதை எடுத்து வருவதற்கென்றே நெடுங்கழுத்து, மெல்லிய உடல் கொண்ட லூட்ரோஃபோரோஸ் என்ற குடம். ஏதென்ஸின் கோட்டைமலையான அக்ரோபோலிஸின் தெற்குச் சரிவில் நிம்ஃபே (மணப்பெண்) சன்னதியைத் தோண்டியபோது இந்தக் குடங்களின் உடைசல்கள் குவியல் குவியலாகக் கிடைத்தன. கல்யாணம் முடிந்ததும் கொண்டுபோய் வைத்தவை அவை. மணமாகாமல் இறந்தவர் கல்லறையிலும் இதே குடத்தைத்தான் நட்டார்கள்.

விருந்து பெண் வீட்டில், எள்ளும் தேனும் சேர்த்துப் பிசைந்த பலகாரத்தோடு. தாயும் தகப்பனும் உயிரோடிருக்கும் ஒரு பையன் முள்ளும் கருவாலிக் காயும் கட்டிய முடி சூடி, முறத்தில் ரொட்டி எடுத்துக்கொண்டு "தீயதை விட்டேன், நல்லதைக் கண்டேன்" என்று சொல்லியபடி பகிர்ந்து கொடுப்பான். இருட்டிய பிறகு ஊர்வலம். வண்டியில் மணமகனுக்கும் மாப்பிள்ளைத் தோழனுக்கும் நடுவில் பெண். பெண்ணின் தாய் தீவட்டியோடு பின்னால் வருவாள், மாப்பிள்ளையின் தாய் தீவட்டியோடு வாசலில் நிற்பாள். உள்ளே அடுப்பங்கரையில் உட்காரவைத்துப் பேரீச்சை, அத்தி, கொட்டைகள், காசு எல்லாம் தலையில் கொட்டுவார்கள். போயோஷியாவில் வந்த வண்டியின் அச்சை வாசலிலேயே எரித்துவிடுவார்கள். திரும்பிப் போக வண்டி இல்லை என்று பெண்ணுக்குச் சொல்வதற்காக.

கவனியுங்கள், இதில் புரோகிதர் எங்கும் இல்லை. பதிவேடும் இல்லை. சிக்கல் வருவதே அங்கேதான். கி.மு. 451-இல் பெரிக்ளீஸ் கொண்டுவந்த சட்டப்படி தாய் தந்தை இருவரும் ஏதென்ஸ்காரர்களாக இருந்தால்தான் பிள்ளைக்குக் குடியுரிமை. இருபது வருஷம் கழித்துச் சொத்து வழக்கு வந்தால் அம்மாவின் கல்யாணத்தை எப்படி நிரூபிப்பது? நிச்சயத்துக்கு வந்த சாட்சிகளைக் கூப்பிட வேண்டும். கணவன் தன் குலக்குழுவினருக்குக் கல்யாண விருந்து போட்டானா என்று பார்க்க வேண்டும். ஐசேயஸ் எழுதிய வாரிசு வழக்குப் பேச்சுகளில் அந்த விருந்து ஆதாரமாகவே வருகிறது. விருந்து போடவில்லை என்பதே கல்யாணம் நடக்கவில்லை என்ற வாதத்துக்கும் ஆதாரமாக வந்தது. விவாகரத்து ஆனால் சீர்ப்பணம் திரும்ப வேண்டும், தாமதித்தால் ஆண்டுக்கு 18 சதவீதம் வட்டி.

கடலோடி:

இந்த 18 சதவீதம் பெரிய விஷயம். வட்டிக்குப் பயந்தே மனைவியை அனுப்பாமல் இருந்தவர்கள் இருந்திருப்பார்கள். ஹேராவின் சாவிக்கு இது ஒரு பூட்டு.

வெண்கலமணி:

பித்தப்பை விஷயம் எந்தப் புத்தகத்திலும் கண்ணில் படவில்லை, மிக்க நன்றி. இன்னொன்று: அருங்காட்சியகத்தில் ஒரு சிலையையோ பானையையோ பார்த்தால் ஹேரா என்று எப்படி அடையாளம் காண்பது? மயிலைத் தேடினால் கிடைக்கவே மாட்டேன் என்கிறது.

நொச்சிப்பூ:

மயிலைத் தேடாதீர்கள். மயில் இந்தியாவிலிருந்து போன பறவை. ஹோமரின் ஹேராவுக்கு அதைத் தெரியாது. சாமோஸ் கோயிலில் வளர்த்தார்கள், அத்தீவின் காசுகளிலும் பொறித்தார்கள். ஆர்கோஸ் கோயிலுக்கு ரோமப் பேரரசர் ஹேட்ரியன் பொன்னும் மணியும் இழைத்த மயில் ஒன்றைக் காணிக்கை கொடுத்தார். அதுவும் கி.பி. 2-ஆம் நூற்றாண்டில். மயிலோடு நிற்பவள் பெரும்பாலும் ரோமர்களின் ஜூனோ.

பழைய வேலைப்பாட்டில் கையைப் பாருங்கள். முக்காட்டின் ஓரத்தை விரலால் பிடித்து முகத்திலிருந்து விலக்கும் அந்தச் சைகைதான் முதல் அடையாளம். மணப்பெண் முகம் காட்டும் சைகை அது. ஏதென்ஸின் பார்த்தெனான் கோயிலின் கிழக்குப் பக்கச் சிற்பப் பட்டையில் மற்றத் தெய்வங்கள் முக்காலிகளில் உட்கார்ந்திருக்க, சாய்மானம் உள்ள ஆசனத்தில் ஜீயஸ், பக்கத்தில் ஹேரா முழு முக்காட்டையும் இரு கையாலும் விரித்து அவனைப் பார்க்கிறாள். எத்தனை வருஷம் ஆனாலும் இன்றைக்குத்தான் கல்யாணம் என்பது மாதிரி. லண்டனில் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது.

என்னைக் கேட்டால் பார்க்க வேண்டிய முதல் சிற்பம் சிசிலியில் இருக்கிறது. பாலெர்மோவின் சலினாஸ் மியூசியத்தில், செலினுந்தே ஊரில் 'E' என்ற எழுத்தால் குறிக்கப்படும் கோயிலிலிருந்து வந்த சிற்பப் பலகை, கி.மு. 5-ஆம் நூற்றாண்டின் முற்பாதி. ஜீயஸ் பாறையில் சாய்ந்து உட்கார்ந்து, எதிரே நிற்கும் ஹேராவின் மணிக்கட்டைப் பிடித்திருக்கிறான். உள்ளங்கையை அல்ல, மணிக்கட்டை. பானை ஓவியங்களில் மாப்பிள்ளை பெண்ணை அழைத்துப் போகும் பிடி அதுதான். அவளுடைய இன்னொரு கை முக்காட்டில். பக்கத்தில் போய்ப் பார்த்தால் தெரியும்: பலகை முழுவதும் உள்ளூர்ச் சுண்ணாம்புக்கல், ஹேராவின் முகம், கை, பாதம் மட்டும் வெள்ளைச் சலவைக்கல்லில் செய்து பொருத்தியவை. ஜீயஸுக்கு அப்படி இல்லை. பெண்ணின் தோல் வெளுப்பாகத் தெரிய வேண்டும் என்று மெனக்கெட்டிருக்கிறார்கள்.

தவறு நேரும் இடங்கள்: மாதுளை கையில் இருந்தால் உடனே ஹேரா என்று முடிவு கட்டாதீர்கள், பாதாள உலகின் அரசி பெர்செஃபனியாகவும் இருக்கலாம். முக்காட்டுச் சைகை மட்டும் இருந்தால் அது பேரில்லாத எந்த மணப்பெண்ணாகவும் இருக்கலாம். சைகையோடு செங்கோல், உயர்ந்த முடி, பக்கத்தில் ஜீயஸ் ஆகியவற்றில் குறைந்தது இரண்டு சேர வேண்டும். கிடைத்த இடமும் முக்கியம். தென் இத்தாலியில் சேலே ஆற்று முகத்துவாரத்து ஹேரா கோயிலில் கிடைத்த மாதுளை ஏந்திய சுடுமண் பொம்மைகளில் சந்தேகமே வராது. அங்கிருந்து சற்றுத் தள்ளிக் கப்பாச்சோ மலையில் இன்றைக்கும் மாதுளை ஏந்திய மாதாவுக்குக் கோயில் இருக்கிறது.

ஏட்டுச்சுவடி சொன்ன ஊர்வலத்தைப் படமாகப் பார்க்க நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியத்தில் அமாசிஸ் ஓவியன் தீட்டிய ஓர் எண்ணெய்க் குப்பி உண்டு. 17 சென்டிமீட்டர் சொச்சம்தான் உயரம். வண்டியில் மணமக்களும் தோழனும், பின்னால் விருந்தினர் வண்டி, கடைசியில் திறந்த கதவுக்குள் தீவட்டியோடு நிற்கும் மாமியார்வரை அதில் இருக்கிறார்கள்.

மாதுளைமுத்து:

ஆர்கோஸ் கோயிலைச் சொல்லாமல் விடக் கூடாது. ஹேராவின் தலைமைத் தலம் அது. கி.மு. 423-இல் பழைய கோயில் எரிந்தது. கிரிசிஸ் என்ற பூசாரியம்மாள் விளக்கை மாலைகளுக்குப் பக்கத்தில் ஏற்றிவைத்துவிட்டுத் தூங்கிவிட்டார், மாலைகள் பற்றிக்கொண்டன. அன்று இரவே ஃபிளியூஸ் ஊருக்கு ஓடிவிட்டார். அவர் லேசான ஆள் இல்லை. பெலொப்பனீசியப் போர் தொடங்கிய ஆண்டைக் குறிக்கும்போது வரலாற்றாசிரியர் துசிடிடீஸ், 'கிரிசிஸ் பூசாரியாகி 48-ஆம் ஆண்டு' என்றுதான் எழுதுகிறார். ஆர்கோஸின் ஹேரா பூசாரிகள் வரிசை கிரேக்கர்களுக்கு ஆண்டுக் கணக்காகவே பயன்பட்டது.

புதிய கோயிலுக்குப் பொலிக்ளீட்டோஸ் பொன்னும் தந்தமும் கொண்டு சிலை செய்தார். ஒரு கையில் மாதுளை, இன்னொரு கையில் செங்கோல், செங்கோல் நுனியில் குயில். கன்னியான ஹேராவை அடைய ஜீயஸ் குயிலாகி வந்தான், அவள் விளையாட்டாகப் பிடித்துக்கொண்டாள் என்பது கதை. இதை நம்பாமலேதான் எழுதுகிறேன், ஆனாலும் எழுதுகிறேன் என்கிறார் பௌசானியஸ். மாதுளைக்கு வந்ததும் அது ரகசியம், சொல்ல மாட்டேன் என்று நிறுத்திக்கொள்கிறார். முன்மண்டபத்தில் ஹேராவின் கட்டில் ஒன்றும் இருந்தது.

நொச்சிப்பூ:

சாமோஸையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இம்பிராசோஸ் ஆற்றங்கரையில் ஒரு மரத்தடியில் ஹேரா பிறந்தாள் என்பது அந்தத் தீவின் நம்பிக்கை. அந்த மரம் நம் நொச்சியின் நெருங்கிய இனம். அங்கே தேவிக்கு உடுப்பு ஏராளம். கி.மு. 4-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று அங்கிகளையும் தலைக்கட்டுகளையும் ஒவ்வொன்றாகப் பட்டியல் போடுகிறது. சிலையை மணப்பெண்ணாக அலங்கரித்து ஆண்டுதோறும் கல்யாணம் நடத்தினார்கள் என்பது ரோம அறிஞர் வார்ரோ தரும் செய்தி.

ஒலிம்பியாவில் 16 பெண்கள் நான்காண்டுக்கொருமுறை ஹேராவுக்கு ஆடை நெய்தார்கள். அதே பெண்கள் கன்னிப் பெண்களுக்கு ஓட்டப்பந்தயமும் நடத்தினார்கள். மூன்று வயதுப் பிரிவு, மைதானத்தின் நீளத்தில் ஆறில் ஒரு பங்கைக் குறைத்து ஓட்டம், கணக்குப் போட்டால் சுமார் 160 மீட்டர். ஜெயித்தவளுக்கு ஒலிவ முடியும் ஹேராவுக்குப் பலியிட்ட பசுவில் ஒரு பங்கும். பெலோப்ஸைக் கைப்பிடித்த நன்றிக்காக ஹிப்போதமெயா தொடங்கிவைத்தது என்பது அங்குள்ள மரபு. இன்று ஒலிம்பிக் சுடர் ஏற்றுவது அந்த ஹேரா கோயில் இடிபாட்டின் முன்னால்தான்.

வெண்கலமணி:

கடைசியாக ஒன்று. கல்யாணத்துக்கு நாள் பார்த்தார்களா? வளர்பிறை, தேய்பிறைக் கணக்கு உண்டா?

ஏட்டுச்சுவடி:

உண்டு, ஆனால் ஒரே கணக்கு இல்லை. ஏதென்ஸில் கல்யாணத்துக்கென்று ஒரு மாதமே உண்டு, காமெலியோன், நம் ஜனவரி பிப்ரவரி வாக்கில் வரும். ஜீயஸ் ஹேரா திருமண விழாவும் அதில்தான். எர்கியா ஊரின் கி.மு. 4-ஆம் நூற்றாண்டுப் பலிக் கல்வெட்டு அம்மாதம் 27-ஆம் நாளில் ஹேராவுக்குப் பலி குறிக்கிறது. 27 என்றால் அமாவாசையை நெருங்கும் தேய்பிறை. ஏதென்ஸ்காரர்கள் அமாவாசையை ஒட்டிய நாட்களையே கல்யாணத்துக்குத் தேர்ந்தெடுத்தார்கள் என்று பழங்கவிஞர் ஹெசியோடின் நூலுக்கு எழுதிய பழைய உரையும் சொல்கிறது. ஹெசியோட் சொல்வதோ மாதத்தின் நான்காம் நாள், அது வளர்பிறை. யூரிப்பிடீஸின் நாடகத்தில் வரும் அரசன் அகமெம்னான், தன் மகளின் கல்யாணத்துக்குப் பௌர்ணமி வரட்டும் என்கிறான்.

இந்த 27-ஐ நம் நாட்காட்டிக்கு மாற்றுகிறவர்கள் ஒரு இடத்தில் சறுக்குகிறார்கள். ஏதென்ஸ் ஆண்டு கோடைக்கால நெடும்பகலுக்குப் பிறகு வரும் முதல் பிறையோடு தொடங்கும். அதிலிருந்து ஏழாவது மாதம் காமெலியோன். ஆனால் சில ஆண்டுகளில் ஒரு மாதத்தைக் கூடுதலாகச் சேர்ப்பார்கள், அதுவும் வழக்கமாக ஆறாவது மாதமான பொசெய்டியோனை இரண்டு முறை வைத்து. அதாவது காமெலியோனுக்கு நேர் முன்னால். அதை விட்டுவிட்டு எண்ணினால் விழா ஒரு மாதம் முன்னால் போய் விழும். முதலில் அந்த ஆண்டு 12 மாத ஆண்டா, 13 மாத ஆண்டா என்று பாருங்கள், அப்புறம் பிறையை எண்ணுங்கள்.